எந்தத் திசையில் போகிறீர்கள்?

படகோனியாவில் சைக்கிள் ஓட்டப் போவதாக யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது திசையைத்தான். என்ன சைக்கிள், எத்தனை நாள் என்பதெல்லாம் பிறகு.

அர்ஜென்டினாவின் தெற்கே விரிந்து கிடக்கும் அந்த வறண்ட புல்வெளியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. தென்கோளத்தில் 40 முதல் 50 டிகிரி அட்சரேகை வரை பெரும்பகுதி கடல். தடையின்றி ஓடிவரும் காற்று ஆண்டிஸ் மலையில் மோதி, மழையைச் சிலி பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஒதுங்க ஒரு மரம் இருக்காது. பயணத்துக்கு ஏற்ற கோடை மாதங்களில்தான் காற்றும் அதிகம்.

வடக்கு தெற்காக ஓடும் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் வலப்புறம் போகும். தெற்கே போகிறவரைக் காற்று வலப்பக்கம் மோதி நடுச்சாலைக்குத் தள்ளும். வடக்கே போகிறவர் காற்றின் மீது இடப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டுவார். அப்போது லாரி ஒன்று முந்தினால் காற்று சட்டென்று மறைபடும். சைக்கிள் லாரியை நோக்கியே வளையும். கண்ணாடியில் லாரி தெரிந்ததும் நான் சாலையை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

எதிர்காற்றின் கணக்கு கொடுமையானது. காற்றில்லாத நாளில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் படும் காற்றும் 10தான். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அது 50 ஆகிறது. வேகம் ஐந்து மடங்கு, காற்றின் தடையோ 25 மடங்கு.

எல் சால்டென் என்ற மலையடி ஊரிலிருந்து எல் கலாஃபாதேவுக்குப் போனால் இது உடம்பிலேயே உறைக்கும். முதல் 90 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி, வியெட்மா ஏரியோரம். சமதரையில் பெடலை மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. அவ்வளவு வேகத்திலும் காதில் இரைச்சல் இல்லை. கடைசி 30 கிலோமீட்டர் மேற்கு நோக்கி. அங்கே மிகச் சிறிய கியரில், இறக்கத்தில்கூட மிதித்துத்தான் இறங்கினேன்.

அதனால் அங்கே நாள் விடியுமுன் தொடங்குகிறது. காற்று வலுப்பதற்குள் ஓட்டிவிட்டு, பிற்பகலில் சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலத்துக்குள் சுருண்டுகொள்ள வேண்டும். அங்கேதான் அடுப்பும் பற்றும். ஆட்டுப்பண்ணைகளில் கேட்டால் தண்ணீர் தருவார்கள். ஆனால் ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு முழு நாள் கழியலாம்.

எல் சால்டெனுக்கும் எல் கலாஃபாதேவுக்கும் இடையே கைவிடப்பட்ட இளஞ்சிவப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் பயணிகள் இரவு தங்கும் இடம் அது. சுவரெல்லாம் அவர்கள் எழுதிப்போன பெயர்கள். நான்கு சுவருக்குள் கூடாரம் படபடக்காமல் தூங்கலாம். தண்ணீரை மட்டும் முன்பே நிரப்பிக்கொண்டு போங்கள்.