ஒரு போர்க்கப்பலில் எத்தனை சாம்பல்?

மாதிரிக் கப்பல் எதைக் கண்டாலும் என் கண் முதலில் தளத்தின் ஓரத்தில் ஓடும் கம்பித் தடுப்புக்குத்தான் போகும். செய்தவர் அந்தக் கப்பலை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது என் மேசையில் இருப்பது அமெரிக்கக் கடற்படையின் ஆர்லி பர்க் வகை டிஸ்ட்ராயர். இந்த வகையின் முதல் கப்பல் 1991இல் பணிக்கு வந்தது. நீளம் 154 மீட்டர். 350இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 44 சென்டிமீட்டர். இந்த அளவில் நிற்கும் மாலுமியின் உயரம் 5 மில்லிமீட்டர், அவர் இடுப்புக்கு வரும் தடுப்பு 3 மில்லிமீட்டர். அந்தத் தடுப்பின் கம்பியோ உண்மைக் கப்பலிலேயே விரல் தடிமன்கூட இல்லாதது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாதிரிப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்கள், உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்தவை. மிக மெல்லிய இடுக்குக்குள் குழம்பு சரியாகப் பாயாது. அரை மில்லிமீட்டர் கம்பி வார்த்தால் நமக்கு மெல்லியதாகத்தான் தெரியும். ஆனால் 350ஆல் பெருக்கிப் பாருங்கள்: பதினேழரை சென்டிமீட்டர். கப்பலைச் சுற்றி மின்கம்பங்களால் வேலி போட்டது போல் ஆகிவிடும்.

ஆகவே பித்தளைக்குப் போகிறோம். காகிதம் போன்ற பித்தளைத் தகட்டில் ஒளி பட்டால் இறுகும் பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். தடுப்பின் படத்தை ஃபிலிமில் அச்சிட்டு, அதை மேலே வைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். இறுகாத பூச்சைக் கழுவிவிட்டு, தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் பூச்சில்லாத இடத்துப் பித்தளை கரைந்துபோகும், மிஞ்சுவது தடுப்பு. மின்னணுச் சர்க்யூட் பலகை செய்யும் அதே வேதியியல். ஏணி, ரேடார் வலை, ஹெலிகாப்டர் தளத்தின் ஓரத்து வலை எல்லாமே இப்படி வருபவைதான்.

ஒட்டுவதற்கு அவசரம் உதவாது. தட்டில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, ஊசி நுனியால் தொட்டு, தடுப்பின் இரண்டு மூன்று கால்களுக்கு மட்டும் வைப்பேன். அவை பிடித்த பிறகுதான் அடுத்தவை. பசை வழிந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதன்மேல் எந்தச் சாயமும் சமமாக உட்காராது.

எவ்வளவு நுணுக்கம் போதும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. மாதிரியை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம் என்றால், உண்மைக் கப்பலை 175 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். நல்ல கண்ணுக்கு அரை மீட்டரில் பிரிந்து தெரிவது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், கப்பலில் அது 5 சென்டிமீட்டர். அதற்குக் கீழ்ப்பட்டதைச் செதுக்கிப் பயனில்லை. சாயம் பூசும்போதும் இந்த 175 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பக்கச் சுவர்களின் நிறத்துக்கு ஹேஸ் கிரே என்று பெயர். தொடுவானத்து மூட்டத்தில் கலந்துபோகும் சாம்பல். அமெரிக்க அரசின் வண்ண அட்டவணையில் அதன் எண் 26270. முதல் இலக்கமான 2 அரைப்பளபளப்பைக் குறிக்கும், அடுத்த 6 சாம்பல் குடும்பத்தை. எண்ணை அப்படியே நம்பி அந்தப் பளபளப்போடு பூசினால் கப்பல் பொம்மையாகிவிடும். நமக்கும் கப்பலுக்கும் இடையே 175 மீட்டர் காற்று இருக்கிறது. அது மினுக்கத்தை அடக்கி, நிறத்தையும் சற்று வெளுக்க வைக்கும். அதனால் இரண்டு மூன்று துளி வெள்ளை கலந்து, மினுக்கமில்லாமல் முடிப்பதே சரி. நடக்கும் தளம் வேறு சாம்பல்: இன்னும் கருமையானது, வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பூச்சு கொண்டது.

இரண்டு சாம்பலும் சந்திக்கும் கோடு கத்தி வெட்டியது போல் இருக்க வேண்டும். கட்டுமானம் முழுவதையும் ஒட்டி முடித்த பிறகு மாஸ்கிங் டேப் ஒட்ட இடமே இருக்காது. எனவே தளத்தைத் தனியாகவும், மேற்கட்டுமானத்தைப் பகுதி பகுதியாகவும் ஏர்பிரஷ்ஷால் பூசி, காய்ந்த பின் சேர்க்கிறோம்.

எனக்கு மிகப் பிடித்த வேலை பக்கச் சுவர். சாய்ந்த வெயிலில் எடுத்த படங்களைப் பார்த்தால், உண்மைக் கப்பலின் தகடு உள்சட்டங்களுக்கு இடையே லேசாகக் குழிந்திருப்பது தெரியும். பட்டினி கிடந்த குதிரையின் விலா போல என்று கடலோடிகள் சொல்வார்கள். பற்றவைப்பின் சூட்டில் மெல்லிய தகடு சுருங்கி இழுபடுவதும், ஆண்டுக்கணக்காக அலை அறைவதும் காரணம். மாதிரியில் அதைச் சுரண்டிக் காட்ட முயன்றால் மிகையாகிவிடும். சட்டம் வரும் இடத்தில் ஒரு படி அடர்ந்த சாம்பல், நடுவில் ஒரு படி வெளிறிய சாம்பல், இரண்டின்மேலும் நன்றாக நீர்த்த மூலநிறம் ஒரு படலம். பார்ப்பவர் தட்டையான பிளாஸ்டிக்கில் குழிவைக் காண்பார்.

துருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல நல்ல மாதிரிகள் அதில்தான் கெடுகின்றன. ஆர்லி பர்க்கின் மேற்கட்டுமானம் எஃகு. 1975இல் பெல்நாப் என்ற கப்பல் ஒரு விமானந்தாங்கிக் கப்பலோடு மோதித் தீப்பிடித்தபோது, அதன் அலுமினிய மேற்கட்டுமானம் உருகிப் போனது. அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்த வடிவமைப்பு இது. ஆகவே இதில் செந்துரு ஒழுகலாம். ஆனால் டிகாண்டெரோகா வகை குரூசரின் மேற்கட்டுமானம் அலுமினியம். அதன் சுவரில் செம்பழுப்புக் கோடு இழுப்பது பிழை. எஃகிலும் துரு எங்கும் வருவதில்லை. நங்கூரத் துளைக்குக் கீழும், நீர் வடியும் வாய்களுக்குக் கீழும் மேலிருந்து கீழாக முடி போன்ற ஒழுகல் வந்தால் போதும். துறைமுகத்தில் நின்றால் மாலுமிகள் ரோலரோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் விட்டுச்செல்வது புதுச்சாயம் பூசிய சதுரத் திட்டுகள், பழைய சாம்பலின்மேல் சற்றே மாறுபட்ட சாம்பல். அந்தத் திட்டுகளை வைத்தால் கப்பலில் ஆள் நடமாட்டமே தெரியும்.

மற்ற நிறங்கள் கொஞ்சம்தான். பேலன்க்ஸ் துப்பாக்கியின் வெள்ளைக் குமிழ், புகைபோக்கிகளின் கருத்த உச்சி, அணியத்தில் கருநிழலோடு வெள்ளை எண், நீர்மட்டத்தில் கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் செஞ்சாயம். அடிப்பாகம் வேண்டாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: 1971இல் ஜப்பானின் ஷிசுவோக்கா பகுதி நிறுவனங்கள் சேர்ந்து, நீர்மட்டத்தோடு வெட்டிய 700இல் ஒரு பங்கு மாதிரிகளின் வரிசையைத் தொடங்கின. அவற்றைக் கடல்போல் செய்த பலகையின்மேல் நேராக நிறுத்திவிடலாம்.

கடைசியாகக் கொடிக்கயிறுகள். பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். மாஸ்ட்டுக்கும் தளத்துக்கும் இடையே அதை ஒட்டிவிட்டு, பசை இறுகியதும் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, கங்கை இழையில் படாமல் பக்கத்தில் கொண்டுபோகிறேன். தொய்ந்திருந்த இழை மெல்ல விறைத்து நேராகிறது.