உங்களுக்குத் தெரியுமா? ஆரணித் தறியும் ‘ஹேங்’ ஆகும் கம்ப்யூட்டரும்!

ஆரணியில் பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதில் தொங்குகிற ஓட்டை போட்ட அட்டைதான் கம்ப்யூட்டருக்குக் கொள்ளுத்தாத்தா! இந்தப் பெட்டி பிறந்த ஊர் பிரான்சின் லியோன். வருடம் 1804!

ஓட்டை இருந்தால் கொக்கி ஏறும், பாவு நூல் மேலே போகும். ஓட்டை இல்லையா? நூல் அசையாது! 1, 0. உங்கள் கம்ப்யூட்டருக்கும் தெரிந்தது இந்த இரண்டே எண்தான்!

பெட்டியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவத்தையே 1839-ல் பட்டில் நெய்தார்கள். அதற்குப் போன அட்டை 24,000! அப்படி நெய்த படம் ஒன்றை வீட்டில் மாட்டி, வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தவர் யார்? கம்ப்யூட்டரைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ்!

புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டின் புட்டாவும் முந்தியும் இன்று கம்ப்யூட்டர் திரையிலும் வரையப்படுகின்றன. முக்கால்வாசி போட்ட டிசைன் அப்படியே உறைந்து நின்றால்? மேலே படியுங்கள்!

மவுஸ் அசையவில்லையா? கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டுங்கள். விளக்கு மாறி எரிந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. கொஞ்சம் பொறுக்கலாம். எரியாவிட்டால் பவர் பட்டன்தான்!

திரை மட்டும் உறைந்திருக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ், பி. நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகக் கிளம்பும்! விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு. சர்வீஸ்காரர்களிலேயே பலருக்கு இது புதிது என்று பந்தயம் கட்டுகிறேன்!

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட்? ஐபிஎம்மின் டேவிட் பிராட்லி கொடுத்தது. 1981-ல் வந்த பிசியிலேயே இருந்தது. ஒரு கை தவறிப் பட்டுக்கூட ரீஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்றுதான் விசைகளைத் தள்ளித் தள்ளி எடுத்தார்!

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி! பிடித்து நோட்டில் ஒட்டிவிட்டார்கள். பட்டுப்பூச்சியும் அந்துப்பூச்சி இனம்தான். ஒன்று சேலை தருகிறது, இன்னொன்று வேலையைக் கெடுத்தது!

பக்கத்து வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டும். உங்கள் பிராசசரோ 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப்!

கேபினெட்டைத் திறந்து ஹீட்சிங்கைப் பாருங்கள். தகடுகளின் இடுக்கில் கம்பளி விரித்தாற்போல் தூசி! நூலிழை பறக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதுங்கள். உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி!

அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? கரன்ட் போனால், மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் முழு லோடில் தாங்குவது சுமார் 16 மில்லி செகண்ட்! நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட்! டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டர் விழுந்திருக்கும். யூபிஎஸ் இருக்கிறதே என்கிறீர்களா? அதன் பேட்டரிக்கு வயது என்ன?

ராமைச் சுத்தம் செய்ய என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்து ரப்பர்! பிளக்கைக் கழற்றுங்கள். ராமை உருவி, தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகளை ஊதிவிட்டு, ‘கிளிக்’ கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். எத்தனையோ ‘செத்த’ கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன! இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டுங்கள். திருடன் எது என்று தெரிந்துவிடும்!

ராமைச் சோதிக்கும் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ உங்கள் மெஷினிலேயே தூங்குகிறது!

2003 மே 18. பெல்ஜியத்தின் ஷேர்பீக்கில் ஒரு வேட்பாளருக்குக் கூடுதலாக விழுந்த ஓட்டு 4,096! ஓட்டுப் பதிவு கம்ப்யூட்டரின் மெமரியில் ஒரே ஒரு 0, 1 ஆகிவிட்டது. யார் செய்த வேலை? சந்தேகம் விண்வெளிக் கதிர் மேல்!

விண்டோஸ் 95-ஐ விடாமல் ஓட்டினால் சரியாக 49.7 நாளில் ஹேங்! ஆனால் இது வெளியே வர 1999 ஆனது. அதற்கு முன்பே வேறு ஏதாவது காரணத்தால் எல்லாருடையதும் விழுந்துகொண்டிருந்தது!

பாட்டுப் போட்டால் கம்ப்யூட்டர் விழுமா? விழுந்தது! ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ வீடியோ சில பழைய லேப்டாப்களின் ஹார்டு டிஸ்க்கை அதிரவைத்து நிறுத்தியது. பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் சேர்ந்து விழுந்தது!

ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தமா? முதலில் டிசைன்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ரிப்பேர் எல்லாம் அப்புறம்!

மதர்போர்டில் குட்டி உருளைகள் தெரிகின்றனவா? தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் கெப்பாசிட்டர் காலி! 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க இப்படியே உப்பி, கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன!

விண்டோஸ் விழும்போது வருகிற நீலத்திரை பில்கேட்ஸையும் விடவில்லை. 1998 ஏப்ரல் 20, விண்டோஸ் 98 செயல்விளக்கம். ஸ்கேனரைச் செருகியதும் மேடையிலேயே நீலம்!

2024 ஜூலை 19. ஒரே ஒரு தவறான அப்டேட். விழுந்த கம்ப்யூட்டர்கள் 85 லட்சம்! இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பலவற்றுக்கு மருந்து என்ன? சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பது. அதுவும் ஒவ்வொரு மெஷினாக!

கடைசியாக ஒன்று. உங்கள் கம்ப்யூட்டர் ரகசியமாக மார்க் ஷீட் வைத்திருக்கிறது! ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடுங்கள். எந்தத் தேதியில் எது விழுந்தது என்று சிவப்புக் குறி வைத்துக் காட்டும், 1 முதல் 10 வரை மதிப்பெண்ணும் போடும். சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் பத்துக்கு எத்தனை?