கிளைமாக்ஸ் பிடிக்கலையா?

குட்டீஸ்! ஒரு வீடியோ கேமை முதல் லெவலில் இருந்து கடைசி லெவல் வரைக்கும் விளையாடி முடித்திருக்கிறீர்களா? முழுப் பரீட்சை லீவில் மணிக்கணக்காக உட்கார்ந்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, தம்பியோடு சண்டை போட்டு, ஒருவழியாகக் கடைசி வில்லனையும் வீழ்த்திவிட்டீர்கள். 'அப்பாடா!' என்று நிமிர்ந்து பார்த்தால், கதை சப்பென்று முடிந்துவிடுகிறது. ஹீரோ என்ன ஆனான்? கூடவே வந்த நண்பர்கள் எங்கே போனார்கள்? ஒன்றும் சொல்லாமல் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. கோபம் வருமா, வராதா?

கண்டிப்பாக வரும்! 'இவ்வளவு நாள் விளையாடியது எல்லாம் வீண்தானா?' என்றுகூடத் தோன்றும். இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வருவது இல்லை. பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. உங்கள் பாட்டி, தாத்தா காலத்திலும் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மூன்று நிறம்... ஒரே ருசி!

கனடா நாட்டில் எட்மண்டன் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பயோவேர் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விளையாட்டை உருவாக்கியது. 2007, 2010, 2012 என மூன்று பாகங்கள். 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு இது. அதனால் நீங்கள் இப்போது விளையாட வேண்டாம். கதையை மட்டும் கேளுங்கள்.

ஷெப்பர்ட் என்ற விண்வெளித் தளபதிதான் ஹீரோ. 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த உயிரினங்களை எல்லாம் அழித்துவிடும் ராட்சத இயந்திரங்களை அவர் தடுக்க வேண்டும். இதில் ஒரு விசேஷம் என்ன தெரியுமா? முதல் பாகத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு, மூன்றாம் பாகம் வரைக்கும் கூடவே வரும். முதல் பாகத்தில் ஒரு நண்பர் இறந்துபோனால், அடுத்த பாகங்களிலும் அவர் வரமாட்டார். ஆக, ஒவ்வொருவரும் விளையாடிய கதை ஒவ்வொரு விதமாக இருந்தது.

2012 மார்ச் மாதம் மூன்றாம் பாகம் வந்தது. எல்லோரும் ஆசை ஆசையாக விளையாடினார்கள். கடைசியில் மூன்று வழிகள் வந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான் வந்தது. வெளிச்சம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. அவ்வளவுதான்! 'ஐந்து வருடமாக நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் என்ன ஆயின?' என்று ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

சிலர் கண்டபடி திட்டினார்கள். அது தப்பு. ஆனால், சில ரசிகர்கள் செய்த வேலை சுவாரசியமானது. பணம் திரட்டி, பயோவேர் அலுவலகத்துக்கு 400 கப் கேக்குகளை அனுப்பிவைத்தார்கள். மேலே பூசியிருந்த கிரீம் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறம். கடித்துப் பார்த்தால்... எல்லாமே வெனிலா ருசி! 'உங்கள் மூன்று முடிவுகளும் இப்படித்தான் இருக்கின்றன' என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். பயோவேர்காரர்கள் அந்தக் கேக்குகளை ஆதரவற்ற இளைஞர்கள் தங்கும் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ரசிகர்கள் சேர்ந்து, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் அமைப்புக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2012 ஜூன் மாதம் பயோவேர் கூடுதல் காட்சிகளை இலவசமாக வெளியிட்டது. முடிவை அது மாற்றவில்லை. அந்த முடிவுக்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்பதை விளக்கமாகக் காட்டியது. அதிலேயே பலருக்கு மனசு ஆறிவிட்டது. சிலருக்கு ஆறவே இல்லை!

காஞ்சியில் முடிந்த கதை

கனடா வரைக்கும் போய்விட்டோம். இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில் செவிலிமேடு இருக்கிறது. ராமானுஜரோடு சேர்த்துச் சொல்லப்படும் சாலைக் கிணறு இங்கேதான் உள்ளது. இங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால், பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயில். நம் பாட்டி, தாத்தாக்களைக் கலங்கவைத்த ஒரு 'கிளைமாக்ஸ்' நடப்பது இந்தக் கோயிலில்தான்!

அந்தக் கதை, கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் தொடராக வந்தது. அப்போது டி.வி. கிடையாது, கேம் கிடையாது. அடுத்த வாரப் பத்திரிகை எப்போது வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள்.

கதை என்ன? காஞ்சியை ஆண்ட பல்லவ இளவரசர் மாமல்லர். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி; பிரமாதமாக நடனம் ஆடுபவள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு அன்பு. போர் வருகிறது. சாளுக்கிய மன்னன் புலிகேசி, சிவகாமியை வாதாபிக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகிறான். 'மாமல்லர் வந்து இந்த வாதாபியை எரித்து, என்னை அழைத்துப் போகும்வரை இங்கிருந்து வரமாட்டேன்' என்று சபதம் போடுகிறாள் சிவகாமி. சொன்னபடியே மாமல்லர் படையோடு வந்து வாதாபியை வெல்கிறார். ஆனால், அதற்குள் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன! ஊருக்குத் திரும்பிய பிறகுதான் சிவகாமிக்குத் தெரிகிறது, மாமல்லருக்குத் திருமணமாகிவிட்டது என்று. கடைசியில் அவள் ஏகாம்பரநாதரையே தன் தலைவனாக ஏற்று, கோயிலில் நடனம் ஆடுகிறாள். கதை முடிந்தது.

'இரண்டு பேரையும் சேர்த்துவைத்திருக்கக் கூடாதா?' என்று இன்றைக்கும் இதைப் படிப்பவர்கள் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கதையின் ஆரம்பத்தில் சிவகாமியின் நடன அரங்கேற்றம் நடக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே போர்ச் செய்தி வந்து அது பாதியில் நின்றுவிடுகிறது. கதையின் கடைசியில் அவள் மறுபடியும் ஆடுகிறாள். போரால் நின்றுபோன ஆட்டம், போர் முடிந்த பிறகு தொடர்கிறது. ஆக, இந்த முடிவு திடீரென்று எங்கிருந்தோ வந்து விழவில்லை. ஆரம்பத்திலேயே விதை போட்டிருக்கிறார் கல்கி. முடிவு சோகம்தான். ஆனால், மோசடி இல்லை!

கேள்விக்குப் பதில் சொன்ன கல்கி

அடுத்து, 'பொன்னியின் செல்வன்'. 1950-ல் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகங்கள். 2022, 2023-ல் இரண்டு பாகத் திரைப்படமாகவும் வந்ததே, அதேதான். இதற்கும் காஞ்சிதான் ஆரம்பம். காஞ்சியில் இருந்த இளவரசர் ஆதித்த கரிகாலர் கொடுத்த ஓலைகளை எடுத்துக்கொண்டு வந்தியத்தேவன் தஞ்சைக்குப் புறப்படுகிறான். காஞ்சியில் இருந்து தெற்கே போக வேண்டும் என்றால், பாலாற்றைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அடுத்த முறை செவிலிமேடு பக்கம் போகும்போது, ஆற்றங்கரையில் வந்தியத்தேவனின் குதிரையைக் கற்பனை செய்து பாருங்கள்!

இந்தக் கதை முடிந்தபோதும் பலருக்குத் திருப்தி இல்லை. கரிகாலரைக் கொன்றது யார் என்று கதை திட்டவட்டமாகச் சொல்லவே இல்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடந்ததா? கதை திடுதிப்பென்று நின்றுவிட்டதே! இப்படிக் கேள்விகள். கல்கி என்ன செய்தார் தெரியுமா? முடிவை மாற்றவில்லை. ஆனால், 'முடிவுரை' என்று தனியாக எழுதினார். வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டு, கதையில் வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். 2012-ல் பயோவேர் செய்ததை, 1954-லேயே நம்ம கல்கி செய்துவிட்டார்!

சரி, கொலைகாரன் யார் என்று ஏன் சொல்லவில்லை? கரிகாலர் நிஜமாக வாழ்ந்தவர். அவரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட சிலரின் பெயர்கள், காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. ஆனால், ஏன் கொன்றார்கள், பின்னால் யாராவது இருந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை. அந்த மர்மத்தைக் கல்கியும் மர்மமாகவே விட்டுவிட்டார். குந்தவை, வந்தியத்தேவன் கல்யாணத்துக்குச் சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வந்தியத்தேவரின் மனைவி என்றே சொல்கிறது.

1954 டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமானார். ஆனால், கதை நிற்கவில்லை. விக்கிரமன் என்ற எழுத்தாளர் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' என்ற நாவலை எழுதினார். மனசில் நின்ற கேள்விகளுக்குப் பதிலைத் தேடி, ஒரு புதுக் கதையே பிறந்துவிட்டது!

செத்தவர் வந்தார்!

முடிவை அடியோடு மாற்றியவர்களும் உண்டு. துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸை, எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் 1893-ல் ஓர் அருவியில் விழுந்து இறந்ததாக எழுதிவிட்டார். வாசகர்களுக்குப் பயங்கர வருத்தம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1903-ல், 'ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை' என்று எழுதி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார் டாயில்!

முந்தி சொல்லும் பாடம்

ஒரு முடிவு நல்ல முடிவா, மோசமான முடிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் காஞ்சிபுரத்துத் தறி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

பட்டுச் சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. சேலையின் கடைசியில் வருவது முந்தி. அசல் காஞ்சிப் பட்டில் முந்தி வேறு நிறத்தில் வர வேண்டுமானால், அதற்குத் தனி நிறப் பாவு உண்டு. சேலை உடலின் பாவு இழை ஒவ்வொன்றோடும், முந்திப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! இந்த வேலைக்குப் 'பிட்னி' என்று பெயர். பொறுமையாகச் சேர்த்தால், உடல் பச்சை, முந்தி சிவப்பு என்று நிறம் மாறினாலும் சேலை ஒன்றுதான். சரியாகச் சேர்க்காவிட்டால், முந்தியில் எவ்வளவு ஜரிகை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கதையின் முடிவும் முந்தி மாதிரிதான். அது சோக நிறமாக இருக்கலாம். சந்தோஷ நிறமாக இருக்கலாம். ஆனால், கதையில் ஓடிவந்த இழைகளோடு சேர்ந்திருக்க வேண்டும். சிவகாமியின் முடிவில் இழை சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அழுதுகொண்டே மறுபடியும் படிக்கிறார்கள். மாஸ் எஃபெக்ட்டில் ரசிகர்கள் வருஷக்கணக்காக நூற்ற இழைகள், கடைசியில் தொங்கலாக நின்றுவிட்டன. கோபத்துக்கு அதுதான் காரணம்.

அப்படியானால் விளையாடிய நேரம் வீணா? இல்லவே இல்லை. முந்தி சரியில்லை என்பதற்காக, ஆறு கெஜம் அழகாக நெய்த உடல் இல்லை என்று ஆகிவிடுமா? நடுவில் நீங்கள் அனுபவித்த சந்தோஷமும் படபடப்பும் நிஜம்தானே!

உங்களுக்கு ஒரு வேலை!

அடுத்த முறை ஒரு கேமோ, கதையோ, சினிமாவோ ஏமாற்றிவிட்டால், உடனே ரிமோட்டைத் தூக்கி எறியாதீர்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எனக்கு வந்திருப்பது வருத்தமா, ஏமாற்றமா? பிடித்தவர் இறந்துபோனால் வருவது வருத்தம். ஏன் இறந்தார் என்றே புரியாவிட்டால் வருவது ஏமாற்றம்.

2. இந்த முடிவுக்கு முன்னாலேயே ஏதாவது குறிப்பு கொடுத்திருக்கிறார்களா? ஒரு முறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.

3. எந்த இழை அறுந்து நிற்கிறது? 'நல்லாவே இல்லை' என்று சொல்வது சுலபம். 'இந்த நண்பன் என்ன ஆனான் என்று சொல்லவில்லை' என்று சொன்னால்தான் கேட்பவருக்கு உபயோகம்.

அப்புறம், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, நீங்களே ஒரு முடிவை எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அதற்கு முன் நடந்த எதையும் மாற்றக் கூடாது. செத்தவர் செத்தவர்தான், தோற்றவர் தோற்றவர்தான். எழுதிப் பார்த்தால்தான், முடிவு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்!

எந்தக் கதையில் இருந்து தொடங்குவது என்று யோசிக்கிறீர்களா? கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நூலகத்தில் 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகங்களும் கேட்டுப் பாருங்கள். படித்து முடித்ததும், அப்பா, அம்மாவோடு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே நின்று யோசியுங்கள்... சிவகாமிக்கு நீங்கள் என்ன முடிவு கொடுப்பீர்கள்?