வெற்றிக்குப் பின்னும் முடியாத ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், எந்த அணி வெல்லும் என்பதன்மீது மட்டுமன்றி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பதன்மீதும் பணம் கட்டும் வழக்கம் பல பத்தாண்டுகளாக வேரூன்றியுள்ளது. ‘பாயின்ட் ஸ்பிரெட்’ எனப்படும் இம்முறையில், வலுவான அணிக்குப் பந்தய நிறுவனம் ஏழரைப் புள்ளி இடைவெளி விதித்தால், அவ்வணி குறைந்தது எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மீது கட்டியவருக்குப் பணம் கிடைக்கும். ஏழு புள்ளியில் வென்றால் அணிக்கு வெற்றி, கட்டியவருக்கு நட்டம். பொதுவாக 100 டாலர் லாபத்துக்கு 110 டாலர் கட்ட வேண்டியிருப்பதால், கைமுதல் கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை கணிப்புப் பலிக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு தேசியப் போட்டியின் அரையிறுதியில் கனெக்டிகட் அணி 79–75 என முன்னிலையில் இருந்தபோது, டியூக் அணியின் கிறிஸ் டுஹான் கடைசி நொடியில் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து, ஆட்டம் 79–78 என முடிந்தது. இறுதிப் போட்டிக்குச் செல்லும் அணி அதனால் மாறவில்லை. ஆனால் கனெக்டிகட்டுக்கு விதிக்கப்பட்ட இடைவெளி இரண்டு புள்ளிகளை ஒட்டியிருந்ததால், பெருந்தொகை கைமாறியது. ஒருதலைப்பட்சமான ஆட்டத்தையும் கடைசிவரை பார்க்க வைப்பது இம்முறையின் கவர்ச்சி என்பதை மறுக்க இயலாது. ஆயினும், தன் கல்லூரி வென்ற பிறகும் மாற்று ஆட்டக்காரர் தவறவிட்ட ஒரு ஃப்ரீ த்ரோவுக்காக அவரை ஏசும் ரசிகர், ஆட்டத்தைப் பார்க்கிறார் என்பதைவிடத் தன் கணக்கைப் பார்க்கிறார் என்பதே பொருந்தும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தோற்காமலேயே ஏமாற்ற இம்முறை இடமளிப்பதாகும். “வெற்றி பெறு, ஆனால் சற்றுக் குறைவாக” என்று சூதாட்டத் தரகர் கேட்கும்போது மாணவ வீரரின் மனச்சான்று எளிதில் சமாதானமடைகிறது. 1950இல் கல்லூரிக் கூடைப்பந்தின் இரு பெரும் தேசியப் போட்டிகளையும் வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரியின் வீரர்கள் அடுத்த ஆண்டே இத்தகைய குற்றச்சாட்டில் கைதாயினர்; 1978–79 பருவத்தில் பாஸ்டன் கல்லூரியும் இதே வலையில் சிக்கியது. விளையாட்டில் லஞ்சம் கொடுத்து முடிவைத் திரிக்கும் சதிக்கு 1964ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான 1992ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை நீக்கியபின், பந்தயத்தை அனுமதிக்கும் உரிமை மாநிலங்களிடம் வந்தது; பல மாநிலங்களில் கைபேசியே பந்தயக் கடையாகிவிட்டது. அதன் விளைவாக, பணம் இழந்தவர்களின் வசையும் மிரட்டலும் சமூக ஊடகங்கள் வழியே மாணவர்களை நேரடியாகச் சென்றடைகின்றன. இதை முன்னிட்டு, கல்லூரி வீரர் ஒருவர் தனிப்பட்ட முறையில் எடுக்கும் புள்ளிகள் போன்றவற்றின்மீது பணம் கட்டுவதை ஓஹையோ மாநிலம் 2024இல் தடைசெய்தது. வீரர்களை மிரட்டுவோரைப் பந்தயத்திலிருந்து விலக்கவும் அங்குச் சட்டம் உண்டு.

பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிறைவடையாதவர் பணம் கட்ட முடியாது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகள் மாணவ வீரர்களுக்கு வயது எதுவாயினும் இதைத் தடுக்கின்றன. உரிமம் பெற்ற நிறுவனம் பணத்தைத் தராமல் நிறுத்தினால் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். வெளிநாட்டிலிருந்து உரிமமின்றி இயங்கும் தளங்களில் கட்டியவருக்கு அந்த வழி நடைமுறையில் அடைபட்டதே. கட்டுப்பாடு இழப்பதாக உணர்பவர் செயலியிலேயே வைப்பு வரம்பை நிர்ணயிக்கலாம். அது போதாதபோது, மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலில் பெயரைப் பதிந்தால், அம்மாநிலத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு அவருடைய பந்தயத்தை ஏற்கக் கூடாது.