நியாயமான மோதல் எது?

கால்பந்து, தேகத்தோடு தேகம் மோதும் ஆட்டம். ஒருவரையொருவர் தொடாமல் ஆட வேண்டுமென்று அதன் விதிகள் எக்காலத்திலும் கூறியதில்லை. பந்து எட்டும் தூரத்தில் இருக்கையில், கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளால் எதிராளியின் தோளை நெருக்குவது இன்றும் அனுமதிக்கப்பட்ட செயலே. ஆகையால், இருவர் இடித்துக்கொண்ட மாத்திரத்தில் “பௌல், பௌல்” என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று கூச்சலிடுவது அறியாமையாகும். “ஆண்பிள்ளைகள் ஆட்டத்தில் அடி படத்தான் செய்யும்” என்று சொல்லி எதையும் மன்னித்துவிடுவதும் அதற்குக் குறைந்த அறியாமையன்று. இவ்விரண்டுக்கும் நடுவே நியாயத்தின் எல்லை எங்கே இருக்கிறது?

இக்கேள்வி இவ்வாட்டத்தின் விதிகளோடு கூடவே பிறந்தது. 1863-ஆம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி லண்டனில் சில ஆட்டக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடிக் கால்பந்துச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். பொது விதிகளை வகுக்கப் புகுந்ததும், எதிராளியின் முன்காலில் உதைக்கும் பழைய வழக்கத்தைப் பற்றி விவாதம் மூண்டது. அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் தைரியமே போய்விடும் என்றும், ஒரே வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்கள்கூட நம்மை ஜயித்துவிடுவார்கள் என்றும் பிளாக்ஹீத் கழகத்தின் பிரதிநிதி காம்பெல் வாதித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் இணங்கவில்லை. டிசம்பரில் பிளாக்ஹீத் விலகிற்று. ஆயினும் என்ன? அதே கழகமும் சேர்ந்து 1871-இல் ஸ்தாபித்த ரக்பி சங்கமும் அவ்வுதையை விலக்கிவிட்டது. வீரம் வேறு, ஊறு செய்தல் வேறு என்ற உண்மையை எதிர்த்தவர்களும் எட்டே வருஷங்களில் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லை அத்துடன் நின்றுவிடவில்லை. 1958-ஆம் வருஷத்து இங்கிலாந்துக் கோப்பை இறுதிப் பந்தயத்தில், பந்தைக் கையில் பிடித்த மான்செஸ்டர் யுனைடெட் கோல் காப்பாளர் கிரெக்கை, போல்டன் கோஷ்டியின் லாப்ட்ஹௌஸ் தோளால் இடித்துப் பந்தோடு கோலுக்குள் தள்ளினார். கோல் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. இன்று எந்த மத்தியஸ்தரும் அவ்விதம் தீர்ப்புக் கூறமாட்டார்.

இப்போதைய விதி யாது? மோதுதல், மேலே பாய்தல், உதைத்தல், தள்ளுதல், அடித்தல், பந்தைப் பறிக்கப் புகுதல், இடறிவிடுதல் ஆகிய ஏழு செயல்களையும் மத்தியஸ்தர் மூன்று படிகளாக நிறுக்க வேண்டும். எதிராளியைக் கருதாது கவனக்குறைவாகச் செய்தால் பௌல் மட்டுமே, அட்டை இல்லை. அவனுக்கு நேரக்கூடிய அபாயத்தைப் பொருட்படுத்தாமல் அலட்சியமாகச் செய்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பிரயோகித்து அவனுடைய தேகத்துக்கே ஆபத்து விளைவித்தால் சிவப்பு அட்டை. ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதே. பிடித்து நிறுத்துதல், கடித்தல், துப்புதல் ஆகியவற்றிற்கு இந்தத் தராசு வேண்டியதில்லை, செய்தாலே குற்றம்.

இந்தத் தராசு 1995-இல் வந்தது. அதற்கு முன், வேண்டுமென்றே செய்தானா என்பதே கேள்வி. எதிராளியின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை ஊதுகுழலோடு ஓடும் ஒரு மனிதன் எவ்வாறு அறிவான்? உள்ளத்தை விட்டுச் செயலைப் பார் என்று விதி திருத்தப்பட்டது. இத்திருத்தமே இவ்விஷயத்தின் உயிர்நாடி என்பது நமது அபிப்பிராயம்.

திருத்தத்தின் அவசியத்தை உணர ஒரு சம்பவம் போதும். 1982-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி, ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரில், உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் மோதின. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர் பாட்டிஸ்டோன் தனியே முன்னேறிப் பந்தை உதைத்தார். அது கோலுக்கு வெளியே சென்றது. எதிரே ஓடிவந்த ஜெர்மன் கோல் காப்பாளர் ஷூமாக்கர் எகிறிப் பாய்ந்து, தம் இடுப்பால் அவர் முகத்தில் மோதினார். பாட்டிஸ்டோன் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின, முதுகெலும்பிலும் சேதம் ஏற்பட்டது. மத்தியஸ்தர் கோர்வர் அட்டை காட்டவில்லை, பௌல்கூடக் கொடுக்கவில்லை, கோல் கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடரச் செய்தார். ஆட்டம் மூன்றுக்கு மூன்றாகி, பெனால்டி உதைகளில் ஜெர்மனி வென்றது. அவற்றில் இரண்டைத் தடுத்தவர் அதே ஷூமாக்கர்! அவர் மனத்தில் துவேஷம் இருந்ததா என்ற விவாதம் ஒருக்காலும் முடியாது. எகிறிய வேகத்தையும் மோதிய இடத்தையும் கண்டவர்களுக்கோ அவ்விவாதம் அவசியமே இல்லை.

மைதானத்தில் எப்போதும் கேட்கும் வாதங்கள் இரண்டு. “பந்தைத்தானே தொட்டேன்” என்பது ஒன்று. முதலில் பந்தைத் தொட்டதனால் பின்னால் வரும் காலை முறிக்க உரிமை கிடைத்துவிடாது. முன்னிருந்தோ, பக்கத்திலிருந்தோ, பின்னிருந்தோ, ஒரு காலாலோ இரு காலாலோ பாய்ந்து ஆபத்து விளைவித்தால், பந்து பட்டாலும் படாவிட்டாலும் அது கொடிய குற்றமே. “அவன் விழுந்துவிட்டானே” என்பது மற்றொன்று. விழுதல் சாட்சியாகலாம், தீர்ப்பாகாது. நியாயமான தோள் மோதலிலும் மனிதன் விழுவான். அடிபடாமலே அடிபட்டதாக நடித்து விழுபவனுக்கும் மஞ்சள் அட்டை உண்டு.

யந்திரம் வந்தால் இவ்வழக்குகள் தீர்ந்துவிடும் என்று நம்பியவர் பலர். 2018 முதல் உலகக் கோப்பையில் வீடியோ மத்தியஸ்தர் இருக்கிறார். ஆனால் அவருக்கு வகுத்த முறையைக் கவனியுங்கள். கால் எங்கே பட்டது என்பதைக் காண, படத்தை மெதுவாக ஓட்டலாம். எவ்வளவு பலமாகப் பட்டது என்பதைக் காண, இயல்பான வேகத்திலேயே ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடும் படத்தில் சாதாரண மோதலும் கொலைபாதகம்போல் தோன்றும் அல்லவா? யந்திரம் இடத்தைக் காட்டும். அளவை நிறுப்பது மனிதனின் விவேகமே.

ஆகவே மத்தியஸ்தரிடம் நாம் கோர வேண்டியது ஒன்றுதான். ஜனங்களின் ஆரவாரத்துக்கும் ஆட்டக்காரரின் கீர்த்திக்கும் அஞ்சாமல், முதல் நிமிஷத்தில் எந்தக் கோலால் அளந்தாரோ அதே கோலால் கடைசி நிமிஷத்திலும் அளக்கட்டும். நம்மிடம் அவர் கோரக்கூடியதும் ஒன்றுண்டு. நம் கோஷ்டியான் செய்த குற்றத்தையும் குற்றமென்று சொல்லும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். அந்த நெஞ்சுரம் இல்லாத கூட்டத்தின் நடுவே எத்தனை விதிகள் எழுதினாலும் ஆட்டக்காரனின் காலுக்குக் காவல் இல்லை.