ஆற்றுக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிலாங்கூர் ஆற்றைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஆறு உயிரோடிருக்க எவ்வளவு தண்ணீர் விட்டுவைக்க வேண்டும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ‘ஆத்துலதான் தண்ணி ஓடுதே, அது போதாதா?’ என்று கேட்கலாம். போதாது, தோழர்களே!

பிரேசர் மலைப் பக்கத்தில் பிறந்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் பழகிய பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது இந்த ஆறு. 1998ஆம் ஆண்டு வறட்சியில் கோலாலம்பூர் வட்டாரமே குழாய்த் தண்ணீருக்குத் தவித்தது. அதன் பின் கோல குபு பாருவுக்கு மேலே பெரிய அணை எழுந்தது. அணையில் திறக்கும் தண்ணீர் ஆற்றோடு வந்து, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இறைக்கப்பட்டு, சுத்தமாக்கி நகரத்துக்குப் போகிறது. ஆகவே, இறைத்தது போக மிஞ்சுவதுதான் கீழே நம் பக்கம் வரும்.

அது குறைந்தால் கடலின் உப்புத் தண்ணீர் மேலே ஏறும். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி மின்னும் பெரெம்பாங் மரம், உப்பும் நல்ல தண்ணீரும் அளவாகக் கலந்த கரையில் வளர்வது. மின்மினிப் புழுக்கள் கரைச் சேற்றிலுள்ள சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. உப்பு மிஞ்சினால் மரமும் நத்தையும் கெடும். பிறகு மின்மினி ஏது? ஊடாங் காலா என்னும் பெரிய இறாலும் முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும். அதன் குஞ்சுகள் மீண்டும் மேலேறும். மலையிலோ, கெலா மீனுக்குக் கல்லிடையே பாயும் ஓட்டம் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதை எப்படிக் கணக்கிடுவது? 1976இல் அமெரிக்காவின் டென்னண்ட் என்பவர் எளிய வழி ஒன்று சொன்னார். ஆற்றின் வருடச் சராசரி ஓட்டத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 பங்கு ஓடினால் மீன்கள் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 30 பங்கு இருந்தால் நல்லபடி வாழும். 60 பங்கு இருந்தால் செழிக்கும். இது அந்நாட்டு ஆறுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது. அதனால் ஆழம், வேகம், உப்பு எல்லாவற்றையும் அளந்து, எந்த மாதத்தில் எந்த உயிருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகவும் வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கும் இதுதானே? சம்பளம் வந்ததும் முதலில் அரிசிக்கு எடுத்து வைக்கிறோம். ‘மிஞ்சினா அரிசி வாங்கிக்கலாம்’ என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். ஆற்றின் பங்கும் அப்படி முதலில் எடுத்து வைக்க வேண்டியது. நகரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் தண்ணீர் வேண்டும்தான். அதற்குக் குழாய்களில் ஒழுகி வீணாவதை முதலில் அடைக்கட்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. மருந்தடிக்கும் பம்பை ஆற்றிலும் வாய்க்காலிலும் கழுவாதீர்கள். விஷம் கலக்கி மீன் பிடிக்காதீர்கள். ஆறு வற்றினாலோ, மீன் செத்து மிதந்தாலோ, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கோ, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ‘லுவாஸ்’ எனும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்துக்கோ தெரியப்படுத்துங்கள். ஆறு இளைப்பதை முதலில் காண்பவர்கள் கரையில் வாழும் நாம்தாம். பார்த்தும் சும்மா இருக்கலாமா?