கரும்பலகையும் கணினியும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் வினா எம்மை வேறொரு துறைக்கு இட்டுச் சென்றது. தமிழ் மன்றத்திலே கணினியைப் பற்றிப் பேசுதற்கு அவன் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். "ஐயா, ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குக் கணினி மாறும்பொழுது பதிவகங்களைக் காத்து மீட்கின்றது. இதை எல்லார்க்கும் விளங்கத் தமிழில் எவ்வாறு சொல்வது?" என்று கேட்டான். பொருளை அறியாதார் சொல்லை எங்ஙனம் வழங்குதல் கூடும்? "தம்பி, முதலிற் பொருளை எமக்கு விளக்கு, சொல்லைப் பின்னர்த் தேடுவோம்" என்றோம். பாடசாலை விட்ட பின்னர், வெறுமையாயிருந்த வகுப்பறையிலே, கரும்பலகை முன் இருவரும் நின்றோம். அன்று மாணவனிடம் யாம் கற்றதையும், எமக்குக் கற்பிக்கையில் அவன் தன் பிழையொன்றைக் கண்டுகொண்டதையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கணினியிலே கணக்குகள் நடைபெறும் உறுப்பை முறைவழியாக்கி என்பர். அதனுள்ளே பதிவகங்கள் என்னும் மிகச் சில இடங்கள் உள. ஒவ்வொன்றும் ஓர் எண்ணை மாத்திரம் வைத்திருக்க வல்லது. யாம் எடுத்துக்கொண்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் அமைப்பு 2010ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் உருவாகத் தொடங்கியது. அதிலே பொதுப் பதிவகங்கள் 32. அவற்றுள் ஒன்று எப்பொழுதும் பூச்சியத்தையே தரும். ஆகவே எழுதத்தக்கவை 31. கூட்டலோ கழித்தலோ எதுவாயினும் எண்கள் நினைவகத்திலிருந்து பதிவகத்துக்கு வந்த பின்னரே நடைபெறும். நினைவகம் பெரிது, ஆனால் வேகம் குறைந்தது. பதிவகம் விரைவானது, ஆனாற் சிறிது.

இனி, நம் வகுப்பறையை நோக்குவோம். பதிவகங்கள் கரும்பலகை போல்வன. நினைவகம் கொப்பி போல்வது. இழை என்பது ஒரு நிரலினுள்ளே ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கட்டளைகளின் ஓட்டம். அதனை ஓர் ஆசிரியருக்கு ஒப்பிடலாம். ஒரே அறையிற் கணித ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் மாறிமாறிப் பாடம் நடத்துகின்றனர், பலகையோ ஒன்று. கணித ஆசிரியர் நிறுவலின் பாதியிலே நிறுத்திச் செல்ல, புவியியல் ஆசிரியர் வந்து பலகையை அழித்து ஆறுகளை வரைகின்றார். கணித ஆசிரியர் மீண்டும் வரும்பொழுது, விட்ட வரி விட்டபடியே இருத்தல் வேண்டும். இடையில் வேறொருவர் வந்து சென்றமையை அவர் அறியவே கூடாது. இதற்கு வழி ஒன்றே. பலகையை அழிப்பதற்கு முன்னர், வகுப்புத் தலைவன் அதிலுள்ளவற்றைக் கணித ஆசிரியரின் கொப்பியிலே எழுதிவைக்கின்றான். பின்னர்ப் புவியியல் ஆசிரியரின் கொப்பியிலே முன்பு எழுதிவைத்தவற்றைப் பலகையில் எழுதுகின்றான். முன்னையது காத்தல்; பின்னையது மீட்டல்.

அவ்வாறாயின் 31 பதிவகங்களையும் எழுதிவைத்தல் வேண்டுமா? அன்று. இழை தானாகவே விரும்பி இடம் விடுமாயின், அதனிற் குறைவானவையே போதும். இதற்குக் காரணம் அழைப்பு மரபு என்னும் ஓர் உடன்பாடாகும். நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும்பொழுது, எந்தப் பதிவகத்தைக் காக்கும் பொறுப்பு எவருடையது என்பதை அம்மரபு வரையறுத்து வைத்துள்ளது. ரி0 முதல் ரி6 வரையுள்ள 7 பதிவகங்களும், ஏ0 முதல் ஏ7 வரையுள்ள 8 பதிவகங்களும் அழைப்போனின் பொறுப்பு. அவற்றிலுள்ளது பின்னர் வேண்டுமாயின், அழைப்பதற்கு முன்னரே அவன் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எஸ்0 முதல் எஸ்11 வரையுள்ள 12 பதிவகங்களோ அழைக்கப்பட்டோனின் பொறுப்பு. அவற்றைத் தொட்டால், திரும்புமுன் பழையபடி வைத்துவிட வேண்டும். தாமாகவே பாடத்தை நிறுத்தும் ஆசிரியர், பலகையின் ஓரத்திற் கிறுக்கிய சில்லறைக் கணக்கைத் தாமே அழித்துவிட்டுச் செல்வார். வகுப்புத் தலைவன் அதனை எழுதத் தேவையில்லை. அது போன்றதே இது.

அம்மாணவன் மாதிரியாகக் கொண்டது, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே கற்பித்தலுக்கென ஆக்கப்பெற்ற எக்ஸ்வி6 என்னும் சிறிய பணிசெயல் முறைமையாகும். அதன் பெரும்பகுதி சி மொழியில் உள்ளது. இழை மாற்றும் பகுதியோ அசெம்பிளி மொழியில் உள்ளது. ஏனெனிற் பதிவகங்களைப் பெயர் சொல்லி எடுத்தாளும் உரிமையைச் சி மொழி இயல்பாகத் தருவதில்லை. அப்பகுதி காப்பவை 14: எஸ் வரிசையின் பன்னிரண்டு, அடுக்கின் நுனியைக் காட்டும் பதிவகம், திரும்பவேண்டிய முகவரியைத் தாங்கும் பதிவகம். ஒவ்வொன்றும் 8 பைற்று. ஆக ஓர் இழைக்கு 112 பைற்று. பதினான்கு கட்டளைகள் பழைய இழையின் பதிவகங்களை நினைவகத்தில் எழுதுகின்றன. பதினான்கு கட்டளைகள் புதிய இழையினுடையவற்றை நினைவகத்திலிருந்து எடுத்துப் பதிவகங்களில் இடுகின்றன. இறுதியில் "திரும்புக" என்னும் ஒரு கட்டளை. இருபத்தொன்பது வரிகளிற் காரியம் முடிந்தது.

இவ்விடத்திலே யாம் சற்றுத் திகைத்தோம். இழை எந்த வரியில் நின்றது என்பதை எங்கே எழுதினார்கள்? அதற்குத் தனியே ஓர் ஏற்பாடு இல்லை. திரும்பவேண்டிய முகவரியே நின்ற இடத்தைக் காட்டும். அப்பதிவகத்திலே புதிய இழையின் முகவரியை இட்டுவிட்ட பின் "திரும்புக" என்றால், கட்டளையோட்டம் திரும்புவது புதிய இழை முன்பொருநாள் விட்டுச்சென்ற இடத்துக்கே. அப்பகுதியை அழைத்து உட்செல்வது ஓர் இழை. அதிலிருந்து வெளிவருவது வேறோர் இழை. முதன்முறையாக ஓடப்போகும் இழைக்கு விட்டுச்சென்ற இடம் என ஒன்றில்லையே எனின், அதற்கும் வழி உண்டு. தொடங்கவேண்டிய பகுதியின் முகவரியையும், அவ்விழைக்கென ஒதுக்கிய அடுக்கின் உச்சியையும் முன்கூட்டியே அதன் கொப்பியில் எழுதிவைத்துவிடுவர். ஒருபோதும் ஓடாத இழையும் நேற்று ஓடி நின்றது போலவே எழுந்து ஓடும்.

மாணவன் இத்தகைய பகுதியைத் தானே எழுதி, இரண்டு இழைகளை மாறிமாறி ஓடச்செய்திருந்தான். முதலாவது இழை 1 முதல் 100 வரையுள்ள எண்களைக் கூட்டும். ஒவ்வோர் எண்ணைக் கூட்டியதும் மற்றதற்கு இடம்விடும். விடை 5050 எனச் சரியாகவே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் இரண்டாவது இழையிலே, கூட்டலோடு எவ்விதத் தொடர்புமில்லாத இரண்டு வரிகளைச் சேர்த்தான். அன்று முதல் முதலாவது இழையின் விடை பிழைத்தது. மூன்று நாள் முயன்றும் காரணம் அகப்படவில்லை. கூட்டும் வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்தான், அவற்றிற் குற்றமில்லை.

அன்று மாலை எமக்கு விளக்குதற்காகப் பதிவகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பலகையில் எழுதினான். யாம் எண்ணிக்கொண்டு வந்தோம். பதினான்கு வந்தன. "உன் நிரலிலும் பதினான்குதானா?" என்று கேட்டோம். மடிக்கணினியைத் திறந்து எண்ணினான், பதின்மூன்றே இருந்தன. எஸ்3 விடுபட்டிருந்தது. முதலாவது இழையின் கூட்டுத்தொகையைத் தொகுப்பி எஸ்3இல் வைத்திருந்தது. இரண்டாவது இழை அப்பதிவகத்தைத் தொடாத வரையிற் பிழை வெளிப்படவில்லை. இரண்டு வரிகள் கூடியதும், தொகுப்பி அவ்விழைக்கும் எஸ்3ஐ எடுத்துக்கொண்டது. ஒருவர் பலகையில் விட்ட எண்ணை இன்னொருவர் தமதென எண்ணிக் கணக்கைத் தொடர்ந்தார். குற்றம் ஓரிடத்தில், அதன் பயன் தோன்றியது வேறோரிடத்தில். இவ்வகைப் பிழையின் கொடுமை இதுவே: கணினி நின்றுவிடாது, முறையிடாது, பிழையான விடையை மெய்யான விடை போலவே தந்துகொண்டிருக்கும்.

இதுவரை கூறியது, இழை தானே விரும்பி இடம்விடும் நிலை. மணியடித்து ஆசிரியரை இடையில் நிறுத்தும் நிலை வேறு. கணினியிலே கடிகாரக் குறுக்கீடு என்பது அம்மணி. எக்ஸ்வி6இல் அது ஏறக்குறைய ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்கு ஒரு முறை ஒலிக்கும். எந்தக் கட்டளையின் பின்னும் அது வரலாம். ஆசிரியர் வெண்கட்டியை எடுத்துச் சில்லறைக் கணக்கின் நடுவில் நிற்கும்பொழுதே நிறுத்தப்படுகின்றார். அழித்துவிட்டுப் போக அவகாசமில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரைக் கேட்கவும் இயலாது. ஆகவே, ஓடிக்கொண்டிருந்த நிரலின் 31 பதிவகங்களையும் நின்ற வரியின் முகவரியையும் ஒன்றுவிடாமற் காத்தல் வேண்டும்.

இதிலே ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு. பதிவகங்களை எழுதிவைக்க, எழுதவேண்டிய இடத்தின் முகவரி ஒரு பதிவகத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் 31உம் பிறருடையன. ஒன்றைத் தொட்டாலும் அதிலுள்ளது அழிந்துவிடும். இதற்காகவே ரிஸ்க்-ஃபைவ் அமைத்தோர் பொதுப் பதிவகங்களுக்குப் புறம்பாக ஒரு தற்காலிகப் பதிவகத்தைப் பணிசெயல் முறைமைக்கென ஒதுக்கியுள்ளனர். ஒரு பொதுப் பதிவகத்திலுள்ளதை முதலில் அங்கே ஒதுக்கிவைத்து, அவ்வாறு விடுபட்ட பதிவகத்தைக் கொண்டு எஞ்சியவற்றை எழுதுகின்றனர். வகுப்புத் தலைவனுக்கெனப் பலகையின் புறத்தே ஒரு சிறு சிலேற்று வைத்திருப்பது போல்வது அது.

இனி, பெரியோரும் இவ்விடத்திலே தடுமாறியமையைக் கூறுதல் தகும். 1975இல் வெளிவந்த யுனிக்ஸ் முறைமையின் ஆறாம் பதிப்பிலே, ஒரு முறைவழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், படிப்பவர் இதனை விளங்கிக்கொள்வார் என எதிர்பார்க்கவில்லை என்ற பொருள்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அது கணினியறிஞரிடையே பெரும் புகழ் பெற்றது. செருக்கினால் எழுதியதெனப் பலர் கருதினர். யுனிக்ஸை ஆக்கியோருள் ஒருவராகிய டெனிஸ் ரிச்சி பின்னாளிலே, "இது பரீட்சைக்கு வராது" என ஆசிரியர் கூறுவது போன்ற கருத்திலேயே அது எழுதப்பட்டதென விளக்கினார். அவ்வளவில் நில்லாது, நடப்பது யாதென அன்று தமக்கும் விளங்கியிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அவர் கூறிய காரணம் கருதத்தக்கது. ஒரு பகுதி காத்துவைத்த பதிவகங்களை, வேறொரு பகுதியின் திரும்பும் கட்டளைகள் மீட்பதாக அம்முறை அமைந்திருந்தது. பீ.டீ.பீ. 11 என்னும் கணினியிலே எல்லாப் பகுதிகளும் ஒரே வகையாகக் காத்து ஒரே வகையாக மீட்டமையால், அது நன்றாகவே ஓடியது. யுனிக்ஸை இன்ரர்டேற்றா 8/32 என்னும் வேறொரு கணினிக்குக் கொண்டுசென்றபொழுது, எந்தப் பதிவகங்களைக் காத்ததோ அதற்கேற்பத் திரும்பும் கட்டளைகளும் பகுதிக்குப் பகுதி வேறுபட்டன; முறை உடைந்தது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்புக்காக ரிச்சியும் அவர்தம் தோழரும், இழையின் நிலை வெளிப்படையாகவே கைமாற்றப்படும் வண்ணம் அதனைத் திருத்தியமைத்தனர். சொல்லாமல் விட்ட உடன்பாடு ஓர் ஊரிற் செல்லும், வேற்றூரிற் செல்லாது. சொல்லி எழுதிவைத்த உடன்பாடே எங்குஞ் செல்லும்.

இக்காலத்தும் இவ்வினா ஓய்ந்தபாடில்லை. தசம எண்களைக் கையாளும் பதிவகங்கள் பெரியன. அவற்றைக் காத்து மீட்க நேரஞ் செல்லும். ஆகவே, புதிய இழைக்கு அவை தேவைப்படும்வரை பழையவற்றை அப்படியே விட்டுவைத்து, அணுகுதலை மாத்திரம் தடுத்துவைக்கும் வழக்கம் பல முறைமைகளில் இருந்தது. பலகையை அழியாது துணியால் மூடிவிட்டுப் பாடம் நடத்துவதற்கு அது ஒப்பாகும். 2018இலே, இன்ரெல் நிறுவனத்தின் முறைவழியாக்கிகள் பலவற்றில், கட்டளைகளை முன்னூகித்துச் செய்யும் இயல்பைப் பயன்படுத்தி, துணியின் பின்னுள்ளதை அயலான் அறிந்துகொள்ளக்கூடும் என்பது வெளியாயிற்று. மறைபொருளாக்கும் திறவுகோல்களும் அப்பதிவகங்களில் வந்து செல்வதுண்டு. ஆகவே, ஒவ்வொரு மாற்றத்தின்பொழுதும் அவற்றை உடனுக்குடனே காத்து மீட்கும் முறையே தீர்வாகக் கொள்ளப்பட்டது. காலத்தை மிச்சம் பிடிக்க எண்ணிய சோம்பல் இரகசியத்துக்கே வினையாயிற்று.

அம்மாணவன் தமிழ் மன்றத்திலே கரும்பலகையையும் கொப்பியையும் வைத்தே பேசினான். கீழ்வகுப்புப் பிள்ளைகளும் விளங்கிக் கேட்டனர். அவனுக்குச் சொல் தேடப்போன எமக்கு ஒரு பாடம் கிடைத்தது. மூன்று நாள் திரையை நோக்கியும் காணாத பிழையை, பிறனுக்கு விளங்கத் தாய்மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியதும் அவன் கண்டான். அப்பதினான்கு பெயர்களும் பரீட்சைக்கு வருவன அல்ல. எனினும், மாணவர்காள், அவற்றை உங்கள் கையாலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒன்றை வேண்டுமென்றே விட்டு, யாது நிகழ்கின்றதெனவும் பாருங்கள். பொறியியலாளராகவும் கணினி வல்லுநராகவும் பல நாடுகளில் விளங்கும் பழைய மாணவர்காள், கல்லூரிக்கு வரும்பொழுது ஒரு பாடவேளையேனும் இப்பிள்ளைகளின் முன் வெண்கட்டியோடு நில்லுங்கள். பலகையை அழித்து வைத்திருப்போம். அதற்கு முன் அதிலிருந்தவற்றை எழுதியும் வைத்திருப்போம்.